'ஆர்டியுவஸ்' என்ற சொல்லின் கதையும், என்னுடைய ஒரு பழைய கடனும்



போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு தகவல் சுற்றி வந்தது. பலரும் பார்த்திருப்பீர்கள். 'ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கள்' என்று ஒரு நீளமான பட்டியல். கடைசியில் 'தமிழனாக இருந்தால் பகிரவும்' என்று ஒரு கட்டளை. அந்தப் பட்டியலில் நடுவில் இருந்தது இது: 'அரிது என்ற தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் ஆர்டியுவஸ் ஆனது.' என் அக்கா மகன் அதை எனக்குத் தனியாக அனுப்பி, "மாமா, இது நிஜமா? நீங்கதானே இத்தனை வருஷம் இங்கிலீஷ் எடுத்தீங்க, சொல்லுங்க" என்று கேட்டிருந்தான்.

"இல்லைப்பா" என்று ஒரு வரியில் பதில் போட்டுவிட்டேன். அவன் விடவில்லை. "ஏன் இல்லை?" என்றான். நல்ல கேள்வி. 'ஏன்' என்று கேட்பவனுக்கு ஒரு வரியில் பதில் சொல்லக் கூடாது. அதோடு, இந்தச் சொல்லிடம் எனக்கு ஒரு பழைய கடன் பாக்கி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் சொல். ஏ, ஆர், டி, யு, ஓ, யு, எஸ். உச்சரிப்பு 'ஆர்டியுவஸ்'. வேகமாகப் பேசும்போது 'ஆர்ஜுவஸ்' என்று காதில் விழும். நம் கையேடுகளில் 'கடினமான' என்று ஒரே வார்த்தையில் பொருள் போட்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

இது லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. லத்தீனில் 'ஆர்டுவுஸ்'. அதற்கு முதற்பொருள் கடினம் அல்ல. உயரமானது, செங்குத்தானது என்பதே முதற்பொருள். செங்குத்தான மலைச்சரிவு ஆர்டுவுஸ். நிமிர்ந்து நிற்கும் குதிரையின் கழுத்தைச் சொல்லவும் ரோமானியக் கவிஞர் வர்ஜில் இதே சொல்லைப் பயன்படுத்தினார். ஏறுவதற்குச் சிரமமான உயரம் என்பதிலிருந்துதான், செய்வதற்குச் சிரமமானது என்ற பொருள் கிளைத்தது.

இப்போது 'அரிது' விஷயத்துக்கு வருவோம். ஒலி ஒத்திருக்கிறது, பொருளும் கொஞ்சம் ஒத்திருக்கிறது, அப்படியானால் உறவு இருக்கத்தானே வேண்டும் என்று தோன்றும். ஆனால் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். தமிழில் அரிது என்பதன் வேர் 'அரு'. அருமை, அரிய, அரியன, அருஞ்செயல் எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. அரிது என்பதில் உள்ள 'து' ஒன்றன்பால் விகுதி. பெரிது, சிறிது, எளிது என்பவற்றில் வருகிறதே, அதே 'து'. வேண்டும்போது ஒட்டிக்கொள்ளும், வேண்டாதபோது விலகிவிடும். லத்தீனில் நிலைமை வேறு. அங்கே 'உஸ்' என்பதுதான் விகுதி. அது போனாலும் 'ட்' போகாது. அந்த 'ட்' வேரிலேயே இருப்பது. பழைய ஐரிஷ் மொழியில் உயரம் என்பதற்கு 'ஆர்ட்' என்று பெயர். அயர்லாந்தில் ஆர்ட்மோர், ஆர்ட்கிளாஸ் என்று இருக்கும் ஊர்ப்பெயர்களில் உள்ள 'ஆர்ட்' அதுதான். ஆக, தமிழ்ச் சொல்லில் விகுதியாக இருக்கும் ஓர் ஒலியை லத்தீன் சொல்லில் வேராக இருக்கும் ஒலியோடு இணைத்து, இரண்டும் ஒன்று என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு என் மகனின் மூக்கு இருக்கிறது என்பதற்காக அவனும் என் பிள்ளை ஆகிவிடுவானா?

இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். வரவேண்டாம். தமிழ் ஆங்கிலத்துக்கு நிஜமாகவே சொற்கள் கொடுத்திருக்கிறது. கட்டுமரம் 'கட்டமரான்' ஆகி இன்று உலகத் துறைமுகங்களில் எல்லாம் மிதக்கிறது. சுருட்டு 'ஷெரூட்' ஆயிற்று. மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' என்ற பெயரில் வெள்ளைக்காரர் மேஜையில் சூப்பாக ஏறியது. இவை யார் வழியாக, எந்தக் காலத்தில் போயின என்பதற்குத் தடயம் இருக்கிறது. உண்மையான சொத்து இவ்வளவு இருக்கும்போது போலிப் பத்திரம் எதற்கு? ஒரு போலி பிடிபட்டால், நல்ல பத்திரத்தையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். எனக்குக் கவலை அதுதான்.

சரி, சொல்லின் வரலாற்றுக்கு வருவோம். ஆர்டுவுஸ் என்ற சொல்லுக்கு ரோமானியர் மனத்தில் எப்படிப்பட்ட படம் இருந்திருக்கும் என்பதைப் புரிந்துகொள்ள, அவர்கள் மறக்க விரும்பி மறக்க முடியாத ஒரு மலையேற்றத்தைச் சொல்கிறேன்.

கி.மு. 218. கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹானிபல், ரோமை அதன் சொந்த மண்ணிலேயே தாக்குவதற்காக ஸ்பெயினிலிருந்து படையோடு கிளம்பினார். கடல் வழியை விட்டுவிட்டு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிப் போவது என்று முடிவு செய்தார். படையில் யானைகளும் இருந்தன. ரோன் ஆற்றைக் கடந்தபோது 37 யானைகள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் கணக்குத் தருகிறார். பொலிபியஸ் கேட்டதை மட்டும் எழுதியவர் அல்லர். ஹானிபல் போன வழியைப் பார்க்க, தாமே ஆல்ப்ஸைக் கடந்து போய் வந்தவர்.

ரோன் ஆற்றங்கரையை விட்டுக் கிளம்பும்போது காலாட்படை 38,000, குதிரைப்படை 8,000க்கு மேல். இத்தாலிச் சமவெளியில் இறங்கியபோது மிஞ்சியது காலாட்படை 20,000, குதிரைப்படை 6,000. இந்தக் கடைசிக் கணக்கை ஹானிபலே வெண்கலப் பட்டயத்தில் பொறித்து வைத்திருந்ததைப் பொலிபியஸ் பார்த்து எழுதினார். ஆல்ப்ஸைக் கடக்க ஆன நாட்கள் 15. மலைவாசிகள் மேலிருந்து பாறைகளை உருட்டினார்கள். புதுப் பனி விழுந்து பழைய பனியை மூடியதால் கால் வழுக்கியது. நான் வகுப்பில் சொல்லாமல் விட்ட ஒரு செய்தியும் உண்டு. ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. இத்தாலிப் பக்கத்துச் சரிவு தூரம் குறைவு, ஆனால் செங்குத்து அதிகம். ஓரிடத்தில் பாதையே சரிந்து போயிருந்தது. அங்கே பாறையைத் தீயால் சுட்டு, காடி ஊற்றிப் பிளந்தார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். பொலிபியஸ் காடியைப் பற்றிச் சொல்லவில்லை. நாட்கணக்கில் உழைத்து யானைகள் இறங்கும் அளவுக்குப் பாதை போட்டார்கள் என்கிறார்.

இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லின் பொருள் முழுவதும் இதில் இருக்கிறது. சரிவு இருக்கிறது, நீண்ட நேரம் இருக்கிறது, உடம்பு வலிக்கிற உழைப்பு இருக்கிறது, நடுவில் விட்டுவிட முடியாத நிலை இருக்கிறது.

மலையிலிருந்து இந்தச் சொல் மனத்துக்கு எப்படி வந்தது? கவிஞர் ஹொரேஸ், டெல்லியுஸ் என்ற நண்பருக்கு எழுதிய பாடல் ஒன்றில், துன்பமான காலத்தைக் குறிக்க ஆர்டுவுஸ் என்ற சொல்லைப் போடுகிறார். அப்போது மனம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு, 'சமமான', 'மட்டமான' என்ற பொருளுடைய சொல்லைப் போடுகிறார். காலம் மேடு, மனம் சமதளம். கி.மு. முதல் நூற்றாண்டிலேயே சொல் மலையை விட்டு இறங்கி வாழ்க்கைக்குள் வந்துவிட்டது. ஆனாலும் மலையின் சாயல் அதைவிட்டுப் போகவில்லை.

ஆங்கிலத்துக்கு இது 16-ஆம் நூற்றாண்டில் வந்தது. அந்த நூற்றாண்டில் படித்தவர்கள் லத்தீன் சொற்களைக் கூடை கூடையாக அள்ளி ஆங்கிலத்தில் கொட்டினார்கள். எதிர்ப்பும் இருந்தது. தாமஸ் வில்சன் என்பவர் 1553-ல் எழுதிய சொற்கலை நூலில், தாய்மொழியை மறந்து லத்தீன் சொற்களை வாரி இறைப்பவர்களைக் கிண்டல் செய்கிறார். இப்படிப்பட்ட சொற்களுக்கு 'மைக்கூட்டுச் சொற்கள்' என்று பெயர் வைத்தார்கள். வாயில் வராது, மைக்கூட்டில் தொட்டு எழுதத்தான் ஆகும் என்று பொருள். அவற்றில் பல காற்றோடு போய்விட்டன. சில தங்கிவிட்டன. தங்கியவற்றில் ஒன்று ஆர்டியுவஸ். வேறு மொழிச் சொற்களின் வரவைப் பற்றி இங்கே நாம் போட்ட சண்டைகளை நினைத்தால், எல்லா ஊரிலும் இதே கதைதான் என்று தெரிகிறது.

1711-ல் அலெக்சாண்டர் போப் தம் விமரிசனக் கவிதையில், பழைய கவிஞர்கள் மலையுச்சிக்கு நடந்துபோன பாதைகளுக்கு இந்த அடைமொழியைக் கொடுத்தார். 1755-ல் சாமுவேல் ஜான்சனின் பெரிய ஆங்கில அகராதி வெளிவந்தது. மூன்று வருடத்தில் முடிப்பதாகச் சொல்லி ஒப்பந்தம் போட்டவர், ஏறக்குறைய ஒன்பது வருடம் உழைத்தார். எழுத்து வேலைக்கு ஆறு உதவியாளர்கள், 40,000க்கு மேற்பட்ட சொற்கள். அகராதிக்காரன் என்ற சொல்லுக்குப் பொருள் எழுதும்போது தம்மையே ஒரு குத்து குத்திக்கொண்டார் மனிதர். அந்த அகராதியில் ஆர்டியுவஸ் என்பதற்கு இரண்டு பொருள். ஒன்று, உயரமானது, ஏறக் கடினமானது. இரண்டாவதாகத்தான், கடினமானது. இந்த வரிசையை நினைவில் வையுங்கள். என் கடன் அங்கேதான் இருக்கிறது.

இப்போது கொஞ்சம் வகுப்பு. பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கஷ்டத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் பல சொற்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு படம் ஒளிந்திருக்கிறது. 'ஹார்ட்' என்றால் கல். தொட்டால் இறுகியிருப்பது. பழைய ஆங்கிலத்திலிருந்தே இருக்கும் வீட்டுச் சொல் அது. 'டிஃபிகல்ட்' என்பதன் அடியில் 'செய்ய எளிதல்லாதது' என்ற லத்தீன் பொருள் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் 'டிஃபிகல்ட்டி' என்ற பெயர்ச்சொல்தான் முதலில் வந்தது. அதன் வாலை வெட்டித்தான் 'டிஃபிகல்ட்' பிறந்தது. 'ஆனரஸ்' என்றால் தலையில் சுமை. 'லபோரியஸ்' என்றால் உழைப்பு. 'ஆர்டியுவஸ்' என்றால் மேடு.

படம் தெரிந்துவிட்டால் பயன்பாடு தானாக வரும். கணக்கு 'டிஃபிகல்ட்' ஆக இருக்கலாம். ஒரு நொடியில் விடை பளிச்சிட்டால் முடிந்தது, அதில் ஏற்றம் எதுவும் இல்லை. அதனால் அதை ஆர்டியுவஸ் என்று சொல்வது பொருந்தாது. பிடிவாதக்காரப் பெரியப்பா 'டிஃபிகல்ட்' மனிதர். அவரையும் ஆர்டியுவஸ் என்று சொல்ல முடியாது. ஆனால் அவரைச் சமாதானப்படுத்திக் கல்யாணத்துக்கு அழைத்துவந்தது ஆர்டியுவஸ் வேலை. பயணம், ஏற்றம், பயிற்சி, வேலை, பாதை என்று நேரமும் மூச்சும் செலவாகும் எதற்கும் இந்தச் சொல் பொருந்தும். இன்னொன்று, 'ஆர்டென்ட்', 'ஆர்டர்' என்ற சொற்களோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆர்வம், வேட்கை என்ற பொருள் தரும் அவை, 'எரிதல்' என்ற வேறு லத்தீன் வேரிலிருந்து வந்தவை.

இந்தச் சொல்லின் லத்தீன் வடிவத்தை வானத்தில் ஏற்றியவர்களும் உண்டு. 1912-ல் பிரிட்டன் 'ராயல் ஃபிளையிங் கார்ப்ஸ்' என்ற பறக்கும் படையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அதன் குறிக்கோள் வாசகத்துக்கு அரசர் ஐந்தாம் ஜார்ஜ் ஒப்புதல் தந்தார். 'பெர் ஆர்டுவா அட் ஆஸ்ட்ரா.' மேடுகளின் வழியே விண்மீன்களுக்கு என்று தமிழில் சொல்லலாம். ரைடர் ஹாகார்ட் 1894-ல் எழுதிய ஒரு நாவலில், ஒரு மாளிகை வாயிலில் பொறித்ததாக இதே வாசகம் வருகிறது. 1918 ஏப்ரல் 1-ல் ராயல் விமானப் படை உருவானபோது வாசகம் அதன் கைக்கு வந்தது. ஆஸ்திரேலிய விமானப் படைக்கும் இதுவே வாசகம். 1932-ல் தொடங்கிய நம் இந்திய விமானப் படையின் வாசகம் கீதையின் பதினோராம் அத்தியாயத்திலிருந்து எடுத்தது. அதிலும் வானத்தைத் தொடுவதுதான் செய்தி. ஆனால் மேடு இல்லை.

கேட்க அழகான வாசகம். ஆனால் முதல் உலகப் போரில் அந்த வாசகத்தின் பெயரால் பறந்த பிரிட்டிஷ் விமானிகளுக்குப் பாராசூட் கொடுக்கப்படவில்லை. விமானம் தீப்பிடித்தால் அதோடு எரிவது, இல்லையென்றால் குதிப்பது. வாசகம் எழுதியவர்கள் தரையில் இருந்தார்கள், மேடு ஏறியவர்கள் இருபது வயதுப் பையன்கள்.

தமிழுக்கு இந்தச் சொல்லோடு உறவே இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. சுற்றுவழியாக ஒன்று இருக்கிறது. கிரேக்கத்தில் 'ஆர்தோஸ்' என்றால் நேரானது, நிமிர்ந்தது. சமஸ்கிருதத்தில் 'ஊர்த்வ' என்றால் மேல்நோக்கியது. இவற்றையும் லத்தீன் ஆர்டுவுஸையும் மொழியியலாளர் பலர் ஒரே குடும்பத்தில் வைக்கிறார்கள். ஆர்தோஸிலிருந்துதான், பிள்ளைகளின் உடலை நிமிர்த்தும் கலை என்ற பொருளில், 'ஆர்த்தோபீடிக்ஸ்' என்ற பெயரைப் பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆண்ட்ரி 1741-ல் உருவாக்கினார். முழங்கால் வலிக்கு நான் மாதம் ஒருமுறை போய் உட்காரும் 'ஆர்த்தோ' டாக்டரின் பெயர்ப்பலகையில் இருப்பது அந்தச் சொல்தான். சமஸ்கிருத 'ஊர்த்வ' தமிழுக்கு வந்து ஊர்த்துவ தாண்டவம் ஆயிற்று. திருவாலங்காட்டில் ஒரு காலை வானத்துக்கு உயர்த்தி ஆடுகிறாரே இறைவன், அந்த ஆட்டம். ஆக, ஹானிபல் ஏறிய மலையும், என் முழங்கால் டாக்டரும், ஆலங்காட்டு ஆட்டமும் தூரத்து உறவு. அந்தப் பட்டியலை எழுதியவர் கொஞ்சம் பொறுமையாகத் தேடியிருந்தால் இதைக் கண்டுபிடித்திருப்பார்.

இனி என் கடன்.

1980-களின் கடைசி. மலையடிவாரத்தில் ஒரு பள்ளியில் வேலை. ஒன்பதாம் வகுப்பு. பத்துச் சொற்கள் கொடுத்து வாக்கியம் எழுதச் சொன்னேன். ஒன்று ஆர்டியுவஸ். வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் கையேட்டில் இருந்ததையே எழுதியிருந்தார்கள்: எவரெஸ்டில் ஏறுவது ஆர்டியுவஸ் வேலை. அவர்களில் யாரும் எவரெஸ்டைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. எல்லோருக்கும் முழு மதிப்பெண்.

ஒரு பெண் மட்டும் சொந்தமாக எழுதியிருந்தாள். மலைமேல் இருந்த ஒரு சிற்றூரிலிருந்து தினமும் நடந்து இறங்கிவந்து படித்த பிள்ளை. 'எங்கள் வீட்டுக்குப் போகும் பாதை ஆர்டியுவஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, மேலே 'ஸ்டீப்' என்று எழுதி, அரை மதிப்பெண் குறைத்தேன். அவள் நோட்டோடு என் மேஜைக்கு வந்தாள். "சார், அந்தப் பாதை கஷ்டமாத்தான் சார் இருக்கும்" என்றாள். "பாதைக்கு ஸ்டீப், வேலைக்குத்தான் ஆர்டியுவஸ். கையேட்டைப் பாரு" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்தாள். அடுத்த தடவை அவளும் எவரெஸ்ட் என்றே எழுதினாள்.

ஓய்வு பெற்ற பிறகு, இணையத்தில் ஜான்சனின் அகராதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவது எனக்குப் பொழுதுபோக்கு. ஒருநாள் இந்தச் சொல் வந்தது. முதல் பொருள், ஏறக் கடினமானது. அதற்கு மேற்கோள், போப் எழுதிய பாதைகள். அகராதியை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். லத்தீன் படிக்காத, பதினான்கு வயதுப் பிள்ளை, தன் கால்களால் அந்தச் சொல்லின் முதற்பொருளைக் கண்டுபிடித்திருக்கிறாள். நான் அதை அடித்துவிட்டு, மேலே எழுதிய திருத்தமும் அதே பொருள்தான். அவளுக்குச் சொல் தெரிந்திருந்தது, பாதையும் தெரிந்திருந்தது. எனக்குக் கையேடு மட்டும் தெரிந்திருந்தது.

அரை மதிப்பெண் பெரிய விஷயமா என்று கேட்கலாம். மதிப்பெண் பெரிதல்ல. சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதிய பிள்ளையை, எவரெஸ்ட் என்று எழுத வைத்தேனே, அதுதான் பெரிது.

அம்மா, இப்போது நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியவில்லை. உனக்குப் பேரன் பேத்தியே இருக்கலாம். உன் வகுப்புத் தோழர்கள் சிலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். யாராவது உன்னிடம் இதைச் சேர்த்தால் போதும். நீ எழுதியது சரி. நான் திருத்தியது தவறு. உன் அரை மதிப்பெண்ணைத் திருப்பித் தருகிறேன், மன்னிப்போடு.

கடைசியாக, அக்கா மகனுக்கு. அரிது என்பதற்கும் ஆர்டியுவஸுக்கும் ரத்த உறவு இல்லை. ஆனால் நம் சொல்லில் ஆங்கிலச் சொல்லுக்கு இல்லாத ஒன்று இருக்கிறது. அருமை என்றால் செய்வதற்குக் கடினம். அருமை என்றால் எளிதில் கிடைக்காதது. அருமை என்றால் பெருமதிப்புள்ளதும்கூட. கஷ்டத்துக்கும் மதிப்புக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் மேடு இருக்கிறது, மேட்டின் மேல் என்ன இருக்கிறது என்பது அந்தச் சொல்லில் இல்லை. தமிழில் இரண்டும் இருக்கிறது. பெருமைப்பட இது போதாதா? இதைப் பகிருங்கள். கட்டளை இல்லை, விருப்பமிருந்தால்.

அன்புடன்,
உங்கள் பழைய ஆங்கில வாத்தியார்